ஊரில் எத்தனை பேர், பஸ் எத்தனை நடை?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் கிராமத்தில் மருந்துக்கடை வைக்க நினைக்கிறேன். ஜனத்தொகை ஒரு இடத்தில் ஆயிரத்துச் சொச்சம், இன்னொரு இடத்தில் மூவாயிரத்துக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? பஸ், ரயில் வசதியை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். சென்சஸில் கிராமம் என்றால் வருவாய் கிராமம், அதாவது நிலக் கணக்குக்காக அரசு பிரித்து வைத்திருக்கிற எல்லை. நாம் ஊர் என்று சொல்வது அதற்குள் இருக்கிற ஒரு குடியிருப்பாக இருக்கும், ஊராட்சியோ சில சமயம் இரண்டு மூன்று வருவாய் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் வீட்டுப் பட்டாவில் வருவாய் கிராமம், தாலுகா பெயரைப் பாருங்கள். காரைக்குடி தாலுகா என்றால் சிவகங்கை மாவட்டத்தின் 2011 சென்சஸ் கையேடு, திருமயம் தாலுகா என்றால் புதுக்கோட்டைக் கையேடு.

ஆனால் அது 2011 கணக்கு. 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை உங்களுக்கு உதவுவது வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதி) முதல் பக்கத்திலும் எந்தெந்தத் தெரு, ஆண் பெண் எத்தனை பேர் என்று இருக்கும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் வரமாட்டார்கள், வெளியூரில் குடியிருந்துகொண்டு ஓட்டை மட்டும் இங்கே வைத்திருப்பவர்கள் வருவார்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு வைத்து, வளவு (உள்முற்றம்), அடுப்படி எல்லாம் தாண்டி அடுத்த தெருவில் பின்வாசல் திறக்கும், அப்படி நாலு தெரு நீளத்துக்கு ஊர் தெரிந்தாலும் பாதி வீட்டில் பூட்டுதான் தொங்கும். படைப்பு (முன்னோருக்குப் படைப்பது), சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்றால் கார் நிறுத்த இடமிருக்காது, மறுநாளே காலியாகிவிடும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கடை போட்டுவிடாதீர்கள். ஒரு சாதாரண நாள் சாயங்காலம் தெருவை நடந்து பார்த்து, விளக்கு எரிகிற வீட்டை மட்டும் எண்ணுங்கள், வாட்ச்மேன் மட்டும் இருக்கிற வீட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, பஸ். அதே கையேட்டில் பஸ் உண்டா இல்லையா, இல்லாவிட்டால் 5 கிலோமீட்டருக்குள் உண்டா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்று குறியீடு இருக்கும். எத்தனை நடை என்று இருக்காது. உங்களுக்கு வேண்டியதோ நடைக் கணக்குதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அதனால் அடிக்கடி பஸ் வருகிற ஊரில் பெண்கள் செலவில்லாமல் காரைக்குடிக்கே போய் டாக்டரைப் பார்த்து, அங்கேயே மாத்திரையும் வாங்கி வந்துவிடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது, அந்த வியாபாரத்தை நம்பியும் கணக்குப் போட முடியாது. உங்களுக்கு மிஞ்சுவது கடைசி பஸ் போன பிறகு குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஓடி வருகிறவர்கள்தான். அவர்களுக்கு அந்தக் கடை பெரிய உதவி, அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரயிலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். செட்டிநாடு ஸ்டேஷன் கானாடுகாத்தானில்தான் இருக்கிறது, ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது. உங்கள் சரக்குக்கும் ரயில் தேவைப்படாது.

எனவே நிறுத்தத்தில் நின்று, ஊருக்குள் வருகிற பஸ்ஸின் நேரத்தை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், போர்டில் இருக்கிற நேரத்தை நம்பாமல் உண்மையில் வருகிற நேரத்தை எழுதுங்கள். கடைசி பஸ் ஏழு, ஏழரைக்கே போய்விடுகிறது, அந்த விளக்கு எரிகிற வீடுகளில் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள் என்றால் தைரியமாக வையுங்கள், ராத்திரி பத்து வரைக்கும் கடையைத் திறந்து வைக்க ஆள் இருந்தால்.