நான்காம் மாடி எங்கே போனது? – ‘கட்டடமும் கணினியும்’ வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. செராஸில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பிம் (கட்டடத் தகவல் மாதிரி) ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். ஓர் அடுக்ககத் திட்டத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், எம் அண்ட் ஈ (இயந்திர, மின்) பொறியாளர் ஆகிய மூவரிடமிருந்தும் ஐஎப்சி (வெவ்வேறு மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டட மாதிரி) கோப்புகள் வருகின்றன. சர்வரில் போட்டதும் நான்கு படிகள் தானாக ஓடும்படி அமைத்திருக்கிறேன்: மூன்றையும் இணைத்தல், பெயரை வைத்து மாடிகளைப் பொருத்துதல், காலியான பண்புகளை (பொருளோடு எழுதப்படும் விவரங்களை) நிரப்புதல், மோதல் சோதனை (குழாய், சுவர் போன்றவை ஒன்றையொன்று இடிக்கின்றனவா என்று பார்த்தல்). பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் எல்லாம் முடிகிறது. ஆனால் மாடிவாரியாகப் பட்டியல் எடுத்தால் ‘அராஸ் 3ஏ’வில் (அராஸ் என்றால் மலாயில் தளம்) சுவர்களும் கதவுகளும் மட்டும் இருக்கின்றன, குழாய்களைக் காணோம். ‘லெவல் 4’ என்று ஒரு மாடி குழாய்களோடு தனியாக நிற்கிறது. எந்தப் படியைத் திருத்துவது? என் அமைப்புக் கோப்பையும் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், செராஸ்

பதில்: தம்பி, அந்த இரண்டும் ஒரே மாடிதான். நான்கு என்ற எண்ணை விரும்பாத வீடு வாங்குவோர் இங்கே நிறையப் பேர். அதனால் மேம்பாட்டாளர் 3ஏ என்று பெயர் வைக்கிறார். லிஃப்ட் பொத்தான் முதல் கட்டடக் கலைஞரின் மாதிரி வரை அதே பெயர் போகிறது. எம் அண்ட் ஈ அலுவலகமோ நான்கு என்றே எண்ணுகிறது. மேலே 14க்குப் பதில் 13ஏ வரும்போதும் இதே சிக்கல் வரும். தரைத்தளத்தை ஒருவர் ‘ஜி’ என்றும் இன்னொருவர் ‘1’ என்றும் எழுதினால் மேலே உள்ள அத்தனை மாடிகளும் ஒன்று தள்ளிப்போகும். பெயரை வைத்துப் பொருத்தும் படி கோலாலம்பூர்க் கட்டடங்களில் நிலைக்காது. உயரத்தை வைத்துப் பொருத்துங்கள்.

ஐஎப்சியில் ஒவ்வொரு மாடிக்கும் ‘எலிவேஷன்’ என்ற எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். மாடியையும் அதிலுள்ள பொருள்களையும் உண்மையில் ஓரிடத்தில் நிறுத்துவது ‘பிளேஸ்மென்ட்’ என்ற பகுதி. இரண்டும் ஒத்துப்போகாத கோப்புகள் வருவதுண்டு. பிளேஸ்மென்டிலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். எலிவேஷன் அதிலிருந்து வேறுபட்டால் அறிக்கையில் குறித்துவிடுங்கள்.

உயரமும் மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்தாது. கட்டடக் கலைஞர் தருவது தரை ஓடு பதித்து முடிந்த மட்டம். கட்டமைப்புப் பொறியாளர் தருவது கான்கிரீட் தளத்தின் மேல்மட்டம். ஒருவர் 18.050 மீட்டர் என்பார், மற்றவர் 18.000 என்பார். இருவர் சொல்வதும் சரி. ஆகவே பொருத்தும் படிக்கு ஒரு விலக்க அளவு கொடுக்க வேண்டும். பூச்சின் கனத்தைவிட அது பெரிதாக இருக்க வேண்டும், அடுத்த தளம் அதற்குள் அகப்பட்டுவிடவும் கூடாது. அடுக்ககங்களுக்கு நான் 150 மில்லிமீட்டர் வைக்கிறேன்.

ஆனால் இந்தப் படி மட்டும் திருந்தினால் போதாது. உங்கள் படிகளின் வரிசையே தலைகீழாக இருக்கிறது. இணைத்தல் முதலில் நடந்துவிட்டால், பிறகு தெரியும் பிழை எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மூன்று கோப்புகளும் தனித்தனியாகச் சோதனையைத் தாண்டி வந்த பிறகே சேர வேண்டும்.

முதலில் கோப்பின் தலைப்பகுதியைப் படித்து, அது ஐஎப்சி 2எக்ஸ்3 வகையா, ஐஎப்சி 4 வகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐஎப்சி 4ஐ உலகத் தரமாக்கிய ஐஎஸ்ஓ 16739 2013இல் வந்தது, அதன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு ஐஎப்சி 4.3. அப்படியிருந்தும் 2எக்ஸ்3 கோப்புகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்தடுத்த படிகள் இதைப் பொறுத்தவை. நில அளவை ஆயத்தொலைவை எழுதிவைக்க 4இல் ‘மேப் கன்வர்ஷன்’ என்று தனி இடம் உண்டு, 2எக்ஸ்3இல் அது கிடையாது. இரண்டையும் ஒரே விதியால் படித்தால் ஒன்று கட்டாயம் தவறும்.

அதன் பிறகு அலகு. ஒருவர் மில்லிமீட்டரிலும் இன்னொருவர் மீட்டரிலும் அனுப்புவது சாதாரணம். அலகு சரியானதும் இடம். கட்டடக் கலைஞர் தரைத்தளத்தைச் சுழியம் என்று வைத்திருப்பார், கட்டமைப்புப் பொறியாளர் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டிருப்பார். இதைத் தீர்க்காமல் உயரத்தை வைத்து மாடியைப் பொருத்த வழியே இல்லை. மனை ஆயத்தொலைவுகளை அப்படியே மாதிரிக்குள் வைத்துவிடும் கோப்புகளையும் இந்தப் படியிலேயே பிடியுங்கள். அவை பல லட்சம் மீட்டர், மில்லிமீட்டரில் எழுதினால் ஒன்பது இலக்கம். பல காட்சி மென்பொருள்கள் ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் படம் வரைகின்றன. சுவர்கள் திரையில் நடுங்குவதற்கும் விளிம்புகள் ஒட்டாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். இந்த மூன்றும் முடிந்த பிறகு மாடி, பண்பு, இணைத்தல், கடைசியாக மோதல் சோதனை.

இப்போது உங்கள் மூன்றாம் படிக்கு வருகிறேன். கதவின் ‘ஃபயர் ரேட்டிங்’ காலியாக இருந்தால் ‘1 மணி’ என்று எழுதும்படி உங்கள் அமைப்புக் கோப்பில் ஒரு விதி இருக்கிறது. தம்பி, அதை இன்றே நீக்கிவிடுங்கள். எந்தக் கதவு எவ்வளவு நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பதை, யூபிபிஎல் என்று நாம் சொல்லும் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டங்களை வைத்துக் கட்டடக் கலைஞர் முடிவு செய்து கையெழுத்திடுகிறார். அந்த முடிவை நம் சர்வர் எடுக்கக் கூடாது. காலியாக இருந்தால் யாராவது கேட்பார்கள். ‘1 மணி’ என்று இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த எண் அட்டவணைக்குப் போகும், அங்கிருந்து கதவு வாங்கும் ஆர்டருக்குப் போகும், கடைசியில் மாடிப்படி வாசலில் அந்தக் கதவு மாட்டப்படும். அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் குடியிருப்பவர்கள் தப்பி வெளியேற வேண்டும்.

எழுத்தை ஒழுங்குபடுத்துவதில் தவறில்லை. அந்தப் பண்பு வெறும் எழுத்துச்சரம் என்பதால் ‘1 ஹவர்’, ‘60 மின்’, மலாயில் ‘1 ஜாம்’ என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். ஒரு மாற்று அட்டவணை வைத்து எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அட்டவணையில் இல்லாத எழுத்து வந்தால் தொடாமல் அறிக்கைக்கு அனுப்புங்கள். பண்பு காலியாக உள்ள கதவுகளைப் பிசிஎப் (மாதிரியிலுள்ள பொருளைச் சுட்டி எழுதும் கோப்பு வடிவம்) குறிப்பாக்கிக் கட்டடக் கலைஞருக்குத் திருப்பி அனுப்புங்கள். எந்தப் பண்பு கட்டாயம் என்பதை ஐடிஎஸ் (தேவையான விவரங்களைக் கணினி சோதிக்கும்படி எழுதும் வடிவம்) கோப்பாக எழுதி முன்கூட்டியே அவருக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஐஎப்சியை உருவாக்கும் பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு 2024இல் ஐடிஎஸின் 1.0 பதிப்பை வெளியிட்டது. நீங்கள் ஓட்டும் அதே சோதனையை அவர் அனுப்புவதற்கு முன்பே தம் அலுவலகத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிழைச்செய்தி இல்லாமல் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு படியும் உள்ளே வந்த எண்ணிக்கையையும் வெளியே போன எண்ணிக்கையையும் வகைவாரியாக எழுத வேண்டும்: கதவு 412 வந்தது, 412 போனது, குழாய் 2,960 வந்தது, 2,871 போனது. இப்படி வேறுபட்டால் ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும். வந்த மூலக் கோப்பை எந்தப் படியும் மாற்றி எழுதக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் தனி வெளியீட்டுக் கோப்பு வையுங்கள், வட்டில் இடம் போனால் போகட்டும்.

கேள்வி: அக்கா, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை விரிவாக்க வேலையில் இருக்கிறேன். ஒரு வாரம் நாங்கள் பிசிஎப்பில் எழுதும் குறிப்புகள் அடுத்த வாரக் கோப்பில் எந்தப் பொருளிலும் ஒட்டுவதில்லை. சுவர் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஏன் இப்படி?
– வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, சுவர் இருக்கிறது, அதன் அடையாளம் மாறிவிட்டது. ஐஎப்சியில் சுவர், கதவு போன்ற ஒவ்வொரு பொருளுக்கும் ‘குளோபல் ஐடி’ உண்டு. 128 பிட் எண்ணை 22 எழுத்துகளில் சுருக்கி எழுதியது அது. பிசிஎப் குறிப்பு பொருளைத் தேடுவது அந்த எழுத்துகளை வைத்துத்தான்.

எந்த இடத்தில் மாறுகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். கட்டடக் கலைஞர் அனுப்பிய இரண்டு வாரக் கோப்புகளை, உங்கள் படிகள் எதுவும் தொடாத நிலையில், ஐடி பட்டியலாக எடுத்து ஒப்பிடுங்கள். அங்கேயே பெரும்பாலானவை மாறியிருந்தால் கோளாறு அவருடைய ஏற்றுமதியில் இருக்கிறது. ரெவிட் என்ற மாதிரி வரையும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார் என்றால், ஏற்றுமதிக்குப் பின் ஐஎப்சி அடையாளத்தைப் பொருளின் பண்பாகச் சேமித்துவைக்கும் தெரிவு ஒன்று அதில் உண்டு; அதைப் போடச் சொல்லுங்கள். சுவரை அழித்துவிட்டுப் புதிதாக வரையும் பழக்கம் இருந்தாலும் ஐடி மாறும், அதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது.

மூலக் கோப்புகளில் ஐடி மாறவில்லை என்றால் உங்கள் படிகளில் ஒன்று பொருள்களை நகலெடுத்துப் புது ஐடி போடுகிறது. பெரும்பாலும் இணைக்கும் படியாகத்தான் இருக்கும். ஒரே கோப்பை இரண்டு முறை ஓட்டி, சுவர், கதவு, குழாய் ஆகியவற்றின் ஐடிகள் இரண்டு வெளியீட்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் படியை விசாரிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு ஐஎப்சி கோப்பில் ‘புராஜெக்ட்’ என்ற பொருள் ஒன்றுதான் இருக்கலாம். மூன்று கோப்புகளை இணைத்த பிறகு மூன்று இருந்தால் இணைப்பு அரைகுறையாக நடந்திருக்கிறது.

கேள்வி: நான் பாலிடெக்னிக் மாணவன். மென்பொருள் வாங்கப் பணம் இல்லாமல் இதையெல்லாம் கற்க முடியுமா, அக்கா?
– மாணவர், பட்டர்வொர்த்

பதில்: தாராளமாக முடியும். ஐஎப்சி ஓப்பன் ஷெல் என்ற பைத்தான் நிரல்மொழி நூலகம் இலவசம். ஐடிஎஸ் சோதனைக்கும், கோப்புகளைத் திருத்தும் சிறு படிகளுக்கும் அதனோடு சேர்ந்த கருவிகள் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஓடும் பான்சாய் என்ற இலவசத் துணைமென்பொருளில் மாதிரியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். முதல் பயிற்சியாக ஒரு கோப்பைத் திறந்து, அதன் வகையையும் அலகையும் மாடிகளின் உயரத்தையும் அச்சிடும் நிரல் ஒன்றை எழுதுங்கள். பிறகு கதவுகளை எண்ணி, தீத்தாங்கு நேரம் எழுதப்படாதவற்றின் ஐடிகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினால் அடுத்த படியைச் சொல்கிறேன்.