அரண்மனை ஓவியங்களில் திருவிழாக்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஹோலி கொண்டாடுவதாகச் சொல்லப்படும் ஓவியங்கள் உண்மையிலேயே ஹோலிக் காட்சிகள்தாமா?

பதில்: எல்லாமே அல்ல. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, கோவர்தன் என்ற ஓவியர் 1615-ஆம் ஆண்டையொட்டித் தீட்டியது. இன்று ராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ள அந்த ஓவியம் காட்டுவது, பாரசீக மரபிலிருந்து வந்த ஆப்-பாஷி என்னும் பன்னீர் தெளிக்கும் விழாவையே. டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ள, அந்தப்புரப் பெண்களுடன் ஜஹாங்கீர் இருக்கும் ஓவியத்தையோ ஹோலிக் காட்சி என்று தயங்காமல் சொல்லலாம். இத்தகைய ஓவியங்களைப் பார்க்கும்போது முகங்களைவிடக் கைகளைக் கவனியுங்கள்: பன்னீர்ச் செம்பா, பீச்சாங்குழலும் வண்ணப் பொடியுமா என்பதே முதல் தடயம். வாணவேடிக்கைக் காட்சிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. மத்தாப்பு ஏந்திய பெண்களைக் கண்டதும் தீபாவளி என்று முடிவுகட்டிவிட முடியாது, இஸ்லாமியரின் புனித இரவான ஷபே பராத்திலும் மத்தாப்பு கொளுத்தப்பட்டது.

கேள்வி: ஹோலியன்று பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு மறையும் என்பார்கள். ராஜபுத்திர ஓவியங்களில் அரசர் மட்டும் தனித்துத் தெரிவது ஏன்?

பதில்: அந்த ஓவியங்களுக்கு விழாவைவிட அரசவையே முதன்மையான பொருள் என்பது என் கருத்து. உதய்ப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவார் அரசின் மகாராணா இரண்டாம் அமர் சிங் (ஆட்சி 1698–1710) தம் பிரபுக்களுடன் தோட்டத்தில் ஹோலி விளையாடும் ஓவியம் ஒன்று மெல்போர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இவ்வகை உதய்ப்பூர் ஓவியங்களில் கூட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், முகலாயர் வழியாக வந்த ஒளிவட்டம் மகாராணாவின் தலையைச் சுற்றி இருப்பதால் அவரை உடனே கண்டுகொள்ளலாம். விழாவின் அடுத்தடுத்த கட்டங்களை ஒரே பக்கத்தில் சொல்ல விரும்பும் ஓவியர் அவரையே இரண்டு மூன்று இடங்களில் தீட்டிவிடுவதும் உண்டு. பல ஓவியங்களின் பின்புறத்தில் உடனிருந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது, யார் அரசருக்கு அருகில் நின்றார் என்பதைப் பதிவு செய்வதும் ஓவியரின் பணியாகவே இருந்தது என்று தோன்றுகிறது. உதய்ப்பூரின் பிச்சோலா ஏரியில் படகுகள் அணிவகுக்கும் கங்கௌர் விழாவும் அப்படித்தான்: கௌரி அம்மனை வழிபடும் பெண்களுக்குரிய அவ்விழாவிலும் நம் கண்ணை முதலில் இழுப்பது மகாராணாவின் படகே.

கேள்வி: தமிழ்நாட்டில் இதற்கு இணையான ஓவியம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது தாளில் அல்ல, கோயில் விதானத்தில் இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஊஞ்சல் மண்டபத்தில், அம்மனின் பட்டாபிஷேகத்தின்போது ராணி மங்கம்மாள் பட்டரிடமிருந்து செங்கோலைப் பெறும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அருகில் அவருடைய பேரனான இளவரசர் விஜயரங்க சொக்கநாதரும் நிற்கிறார். ராஜபுத்திர ஓவியங்களில் விழா அரசரைச் சுற்றி நடக்கிறது. இங்கே அரசி, அம்மனின் விழாவுக்கு வந்து நிற்கிறார்.