வாசகர் கேள்வி: கேற் விளக்கும் அயல்வீட்டு யன்னலும்

கேள்வி: நிலாவெளியில், கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் எங்கள் வீடு. கள்ளருக்குப் பயந்து கேற் தூணில் 50 வாட் வெள்ளை எல்.ஈ.டி. ஃபிளட் லைட் பூட்டி, விடியும்வரை எரிய விடுகிறோம். படுக்கையறைக்குள் வெளிச்சம் அடிக்கிறது என்று அயல்வீட்டார் குறைப்படுகிறார்கள். ஆமைக் குஞ்சுகளுக்கும் கூடாதாமே. அணைக்கத்தான் வேண்டுமா?

பதில்: அணைக்க வேண்டாம், முதலில் திருப்புங்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, விளக்கின் இருபக்கப் போல்ட்டுகளையும் தளர்த்தி, கண்ணாடி நேரே நிலத்தைப் பார்க்கும்படி இறுக்குங்கள். கடற்காற்றில் இரும்புப் போல்ட் துருவேறிப் பிடித்திருக்கும். துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டாக மாற்றிவிடுவது நல்லது. வயர் நுழையும் வாய் மேலே பார்க்கக்கூடாது, மழைநீர் இறங்கிவிடும்.

இரவில் அயல்வீட்டு யன்னலடியில் நின்று பாருங்கள். விளக்கின் எரியும் முகம் கண்ணில் பட்டால் இன்னும் சரிக்க வேண்டும். கள்ளர் பயத்துக்கும் இதுதான் மருந்து: கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்குப் பின்னால் இருட்டில் நிற்பவர் தெரியவே மாட்டார்.

அடுத்தது அளவு. ஒரு கேற்றுக்கு 9 வாட் போதும். 50 வாட் தினமும் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 18 யூனிட். 9 வாட் என்றால் 3 யூனிட் சொச்சம். பெட்டியில் 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டும் அளவு) என்று போட்ட மஞ்சள் வெளிச்சமாக வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் அதிகம். அது காற்றில் கூடுதலாகச் சிதறி வானத்தை வெளிறச் செய்யும், பூச்சிகளையும் இழுக்கும்.

ஆள் வந்தால் எரியும் சென்சர் இன்னும் நல்லது. ஆறேழு அடி உயரத்தில், ஆட்கள் குறுக்கே கடக்கும் பக்கமாகப் பூட்டி, எரியும் நேரத்தை இரண்டு நிமிடத்தில் வையுங்கள். எதிரே தென்னோலை ஆடினால், வெயிலில் சூடேறிய சுவர் இருந்தால், சும்மா சும்மா எரியும்.

ஆமை விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் கூடிய தாழ்வான பக்கத்தைக் கடலென்று நம்பி நகரும். மஞ்சள் விளக்கும் அதை வழிமாற்றலாம். ஆகவே மணலில் நின்று பார்த்தால் உங்கள் விளக்கே தெரியக்கூடாது. தெரிந்தால் கடல்பக்கம் மதிலாலோ தகரத்தாலோ மறையுங்கள். விளக்கின் முதுகுப்பக்க உலோகத் தகடுகளை மூடிவிடாதீர்கள், சூடு வெளியேறாமல் விளக்கு சீக்கிரம் பழுதாகும்.

கேள்வி: இருக்கிற வெள்ளை விளக்கிலேயே மஞ்சள் தாள் ஒட்டினால்?

பதில்: சூட்டில் சுருங்கும், சில மாதங்களில் வெளிறி மறுபடி வெள்ளையே அடிக்கும். விளக்கையே மாற்றுங்கள்.