காய்ச்சல் எத்தனையாவது நாள்?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர், அதனால் வீட்டில் நான்கு டிரம். ஐப்பசி பிறந்தால் போதும், கார்த்திகை தீபம் வரைக்கும் வீட்டில் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். பையனுக்கு ஆறு வயது, 18 கிலோ. மாமியார் ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவர். போன வருடம் அவருக்குப் பத்து நாள் விடாத காய்ச்சல், டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தும் கேட்காமல் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் குணமானதாம். இந்த வருடம் வராமல் இருக்க என்ன செய்வது, வந்தால் எப்போது பயப்படுவது, நிலவேம்பும் பப்பாளி இலைச் சாறும் போதுமா என்று கேட்கிறார்.

டிரம்மிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கையில் முழுசாக இருப்பது அது ஒன்றுதான். "மூடி போட்டுத்தானே வைத்திருக்கிறோம்" என்று எல்லாரும் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், அந்த இடைவெளியில் ஹோஸ் பைப் தொங்கும், அடியில் ஒரு சாண் பழைய தண்ணீர் அப்படியே இருக்க அதன் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடித்திருப்பார்கள். டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையையும் தண்ணீரில் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் மை தெளித்த மாதிரி பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். டிரம் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை சாகாது, தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிக்கும், அங்கிருந்து ஏழு முதல் பத்து நாளில் கொசு.

அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். உங்களுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் வருவது இந்த ஒரு விஷயத்தில் வசதிதான். தண்ணீர் வரும் நாள் காலையில் அடித்தண்ணீரை செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரும் பவுடரும் போட்டு உள்சுவரை விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, கொஞ்ச நேரம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள் (நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!). நிரப்பிய பிறகு பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் போட்டு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள், மூடி அதற்கு மேல். கழுவ முடியாத தொட்டியில் ஊற்றத்தான் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து; அதை எடுத்துக்கொண்டு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மாடியில் போட்ட டயர், இவற்றையும் அதே நாளில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இந்தக் கொசு கடிப்பது பகலில், அதனால் கொசுவலை மத்தியானத் தூக்கத்துக்கும் வேண்டும்.

சரி, இவ்வளவு செய்தும் பையனுக்கு உடம்பு சுட்டால்? முதல் வேலை, காய்ச்சல் ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுவது. "எத்தனை நாளாக?" என்று கேட்டால் அம்மா மூன்று என்பார், அப்பா ஐந்து என்பார், எனக்கோ அந்த இரண்டு நாள் வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் இரண்டு நாள் குழந்தை தெளிவாக இருந்து, குடிக்கிறான், சிறுநீர் போகிறான் என்றால் வீட்டில் பாரசிட்டமால் போதும். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பாரசிட்டமால் சிரப் கடையில் 5 மில்லியில் 120 என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. உங்கள் பையன் எடைக்கு 250 சிரப் என்றால் 5 மில்லி, 120 சிரப் என்றால் 10 மில்லி. போன முறை கொடுத்த அளவையே பாட்டிலைப் பார்க்காமல் கொடுத்தால் ஒன்று பாதி மருந்துதான் போகும், இல்லை இரட்டிப்பாகிவிடும். புரூஃபன், ஆஸ்பிரின் வகை எதுவும் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். ஊசி போடச் சொல்லி டாக்டரைக் கேட்காதீர்கள். கஞ்சி, உப்புப் போட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ்., எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாம் நாளும் சுட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், ரத்தப் பரிசோதனை அப்போது. டெங்குவில் எல்லாரும் ஏமாறுவது இதற்கு அப்புறம்தான். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், வீடே நிம்மதியாகும், "விட்டுடுச்சு, ஸ்கூலுக்கு அனுப்பலாமா?" என்று ஃபோன் வரும். ஆனால் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிவது அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவது, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் ஜில்லென்று ஆவது, சுருண்டு படுத்துக்கொண்டே இருப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் காலண்டரைப் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி. ப்ளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே போனதும் ஏற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் இல்லை, எண் குறைந்தும் குழந்தை தெளிவாக இருந்தால் கூடவே பி.சி.வி., அதாவது ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் எண், ஏறுகிறதா என்றுதான் டாக்டர் பார்ப்பார்.

நிலவேம்புக் குடிநீரைப் பெரியவர்கள் குடித்தால் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று மூன்றாம் நாள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பப்பாளி இலைச் சாறு மட்டும் குழந்தைக்கு வேண்டாம். அந்தக் கசப்புக்கு வாந்தி எடுத்து, குடித்த கஞ்சியும் வெளியே போனால் நஷ்டம்தான். குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். டைபாய்டுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதைவிடச் சுலபமான காவல் கிடையாது.

மாமியார் விஷயம் வேறு. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஏரிக்கரை, ஆடு, மழைக்குப் பிந்தைய மாதம், பத்து நாள் காய்ச்சல் என்றதும் எனக்கு உண்ணிக் காய்ச்சல்தான் ஞாபகம் வருகிறது, ஸ்க்ரப் டைபஸ் என்பார்களே அது. பெயர்தான் உண்ணி, மாட்டின் மேல் இருக்கும் உண்ணி இல்லை, புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்த இடத்தில் பீடியால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால் எங்கேயும் இருக்கலாம். ஒருமுறை ஒரு அம்மாவுக்குப் பாவாடை நாடா இறுக்கிய தடத்துக்குள்ளேயே இருந்தது, நாடாவைத் தளர்த்தச் சொன்னதால் கண்ணில் பட்டது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவைத்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். வைடால் சோதனை ஒன்றை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டினால் இது தப்பிவிடும்.

அவரை முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், புல்தரையில் துண்டு விரித்துப் படுக்க வேண்டாம், துணியைப் புதர் மேல் உலர்த்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, கட்டியிருந்த புடவையை அன்றைக்கே வெந்நீரில் ஊறவைத்துவிடுங்கள். இந்த வருடம் காய்ச்சல் வந்தால் முதல் நாளே நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள், கூச்சப்படுவார், மருமகளாக நீங்கள்தான் பக்குவமாகப் பேசிப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் உட்கார்ந்ததும் "இவங்க ஏரிக்கரையில ஆடு மேய்க்கிறாங்க" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் அவர் கேட்க மறந்திருக்கலாம்.