சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி வாங்கிய எச்சில்

கேள்வி: எனக்கு 44 வயது. கிள்ளானில் இருக்கிறேன். கொள்ளுத்தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து வந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். போன ஆண்டு ஆசைக்காக மரபணுப் பரிசோதனை செய்தேன். 23 விழுக்காடு தென்சீனம் என்று வந்தது. அப்பா உயிரோடு இல்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அம்மாவிடம் (68 வயது) சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி எச்சில் வாங்கி அனுப்பினேன். அவருக்கு 49 விழுக்காடு. 1938-இல் பிறந்த என் அம்மாச்சி சீனக் குடும்பத்திலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவர் 1999-இல் தவறிவிட்டார். அண்ணன், "கம்பெனிக்காரன் குழாயை மாற்றிவிட்டான், நம் சாதியில் கலப்பே கிடையாது" என்கிறார். பினாங்கிலிருந்து ஒரு சீனர் அம்மாவின் கணக்குக்கு, "நாம் உறவா?" என்று எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் மறைத்த அம்மாவோடு மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. நான் தமிழச்சியா, இல்லையா? என் மகளின் பத்திரங்களில் இனத்தை மாற்ற வேண்டுமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: இனத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிறகு பார்க்கலாம். "சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அந்தக் குழாயில் கோடு வரை எச்சில் நிரம்ப வேண்டும், ஏறக்குறைய 2 மில்லி. நுரை கணக்கில் வராது. அரை மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வயதானவர்களுக்கு, அதிலும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, வாய் காய்ந்தே கிடக்கும். கோட்டைத் தொடப் பத்து நிமிஷம்கூட ஆகிவிடும். தேத்தண்ணி குடிக்காமல் உட்கார்ந்து, மகள் நம் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று நம்பி, உங்கள் அம்மா துப்பித் துப்பிக் கொடுத்தார். கணக்குத் திறக்கும்போது சம்மதம் என்று இருந்த கட்டத்தில் யார் விரல் பட்டது? அவர் விரல் இல்லை. பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின்படி, உரியவர் சம்மதம் இல்லாமல் மரபணுவைச் சோதிக்க எச்சிலையோ முடியையோ கையில் வைத்திருப்பதே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் இருப்பது மலேசியாவில்தான். சட்டத்தைச் சொல்லி உங்களை மிரட்டவில்லை. செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அம்மா மறைத்தார் என்று மூன்று வாரமாகக் கோபம். ஏமாற்றியது யார்? அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் சொன்ன பொய் இருக்கிறது, உங்கள் கையெழுத்திலேயே.

அவருக்குத் தெரியுமா என்பதே உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து மலாயாவில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வறுமை, வரிசையாகப் பெண் குழந்தைகள், பெற்றோருக்கு ஆகாது என்று சொல்லும் ஜாதகம், இப்படிப் பல காரணங்களுக்காகச் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்தன. 1938 சீனர் கணக்கில் புலி ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்த பிறகு பசியும் பயமும் சேர்ந்துகொண்டன. பிள்ளை இல்லாத தமிழர்களும், இருந்தும் மனம் இரங்கிய தமிழர்களும் அந்தக் குழந்தைகளை வாங்கிக்கொண்டார்கள். பெயர் வைத்து, காது குத்தி, எண்ணெய் தேய்த்துச் சடை பின்னி, தங்கள் பெண்ணாகவே கட்டிக் கொடுத்தார்கள். தீபகற்ப மலேசியாவின் இரண்டு தத்தெடுப்புச் சட்டங்களும் வந்ததே 1952-இல்தான். அதற்கு முன்னால் கைமாறிய பிள்ளைகளில் பலருக்குத் தத்துப் பத்திரம் என்று எதுவும் இருக்காது. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தே இருந்தாலும், தன் தாயைப் பற்றிய அந்தச் செய்தியைச் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. நீங்கள் கேட்டு அவர் மறுத்திருந்தால் அது வேறு. நீங்கள் கேட்கவே இல்லையே.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. குழாய் மாறவில்லை. அவர் சொல்வதுபோல் மாறியிருந்தால், கம்பெனியின் உறவுப் பட்டியலில் நீங்களும் அம்மாவும் தாயும் மகளுமாக வந்திருக்க மாட்டீர்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் பாதி மரபணு பொது. அந்தக் கணக்கு தவறுவதில்லை. ஒன்று, இரண்டு விழுக்காடு என்று வருவதை நம்ப வேண்டாம். ஒப்பிடும் மாதிரித் தொகுப்பைக் கம்பெனி மாற்றும்போது அவை வரும், போகும். ஆனால் தென்னிந்தியரையும் சீனரையும் இந்தச் சோதனை குழப்பிக்கொள்ளாது. 49 என்றால் பாதி. அம்மாவின் கணக்கில் குரோமோசோம் படம் (மரபணுவைச் சுமக்கும் இழைகளை வம்சாவளி வாரியாக நிறம் பிரித்துக் காட்டும் படம்) இருந்தால், 22 ஜோடியிலும் ஒரு கோடு முழுக்கச் சீன நிறத்திலும் மற்றது தென்னிந்திய நிறத்திலும் இருக்கும். அப்படி இருந்தால் அவருடைய பெற்றோரில் ஒருவர் முழுச் சீன வழி என்று பொருள். அது அம்மாச்சிதானா என்பதற்குத் தாய்வழிக் குழுவை, அதாவது தாய் வழியாக மட்டுமே இறங்கும் மரபணுவின் வகையை, பார்க்க வேண்டும். சில கம்பெனிகள்தான் அதைத் தருகின்றன. பி4, எஃப்1, எம்7 போல வந்தால் கிழக்காசியத் தாய்வழி. எம்2 வந்தால் இந்தியத் தாய்வழி, அப்போது நீங்கள் தாத்தா பக்கம் யோசிக்க வேண்டும். எம் என்று மட்டும் போட்டிருந்தால் எதுவும் சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் அது உண்டு. உங்களுக்கு 25 வராமல் 23 வந்ததில் அதிசயம் இல்லை. பாட்டியின் பங்கு பேரப் பிள்ளைக்கு வரும்போது சீட்டு கலைத்ததுபோல் ஏறும், இறங்கும். அண்ணன் சோதித்தால் 20 வரலாம், 29-ம் வரலாம். பூஜ்யம் மட்டும் வராது.

2013-இல் அமெரிக்காவில் கிரெய்க் காப் என்ற வெள்ளை இனவெறியருக்கு, அவர் மரபணுவில் 14 விழுக்காடு ஆப்பிரிக்கம் என்று தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே சொன்னார்கள். அது வெறும் புள்ளிவிவரக் கோளாறு என்று அவர் தள்ளிவிட்டார். இரத்தப் பெருமை பேசுகிறவர்கள் முடிவு பிடிக்காதபோது சோதனையைத்தான் குறை சொல்வார்கள். உங்கள் அண்ணன் அவர்களோடு போய் நிற்க வேண்டாம். தன்னைத் தூக்கி வளர்த்த அம்மாச்சியை ஒரு சாதிப் பெருமைக்காக அவர் "கலப்பு" ஆக்குகிறார். அது அவமரியாதை, என் வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் சோறு போட மாட்டேன்.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் தமிழச்சி. 23 விழுக்காடு குறைந்த தமிழச்சியும் இல்லை. நீங்கள் நினைப்பது சரியென்றால், மரபணுக் கணக்கில் உங்கள் அம்மாச்சிக்கு ஒரு விழுக்காடுகூடத் தமிழ் இருந்திருக்காது. ஆனால் உங்கள் அம்மாவுக்குத் தமிழில் பேசக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அவர் தமிழச்சி இல்லையென்றால் உங்கள் குடும்பத்தில் வேறு யார் தமிழர்? நம் நாட்டு அரசியலமைப்பின் 160-ஆம் விதி மலாய்க்காரர் யார் என்று சொல்லும்போது மதத்தையும் பேசும் மொழியையும் பின்பற்றும் வழக்கத்தையும் சொல்கிறது, பிறந்த இடம், குடியிருப்பு பற்றியும் நிபந்தனை வைக்கிறது. இரத்த விழுக்காடு அதில் இல்லை. 2018-இல் அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் தன் பூர்வகுடி வேரைக் காட்டப் பரிசோதனை முடிவை வெளியிட்டபோது, செரோக்கி மக்களின் அரசு அதை ஏற்கவில்லை. அங்கே குடியுரிமை பழைய பதிவேட்டில் இருக்கும் முன்னோரைக் கொண்டு வருகிறது. எச்சிலைக் கொண்டு வருவதில்லை. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இப்படிச் சோதித்துக்கொண்ட 100 அமெரிக்கர்களிடம் பேசிப் பார்த்தார்கள். அவர்களில் 59 பேர் தங்களை முன்பு எப்படிச் சொல்லிக்கொண்டார்களோ அப்படியேதான் பிறகும் சொன்னார்கள். மகளின் பத்திரங்களைத் தொட வேண்டாம். அவற்றில் இருக்கும் இனம் பெற்றோர் பதிந்தது, அதில் தவறு எதுவும் இல்லை. புதிதாகச் சீனத்தி என்று சொல்லித் திரியவும் வேண்டாம். அம்மாச்சியைப் பெற்ற வீட்டைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பினாங்குக்காரர் விஷயம் அவசரம். அவருக்கும் அம்மாவுக்கும் எத்தனை சென்டிமார்கன் (பொதுவான மரபணுவை அளக்கும் அலகு) பொது என்று பாருங்கள். 850-ஐ ஒட்டி இருந்தால் அம்மாச்சியோடு பிறந்தவரின் பிள்ளையாக இருக்கலாம். 430-ஐ ஒட்டி இருந்தால் பேரப் பிள்ளையாக இருக்கலாம். வேறு உறவுக்கும் இதே எண்கள் வரும், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பதில் எழுதாதீர்கள். அது அம்மாவின் உறவு, அம்மாவின் கடிதம். அங்கேயும் ஒரு வீட்டில், ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தோம் என்பது யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். இன்றைக்கே அம்மாவின் கணக்கில் உறவினர் பட்டியலுக்கான அனுமதியை அணையுங்கள். ஆராய்ச்சிக்குக் கொடுத்த அனுமதியையும் எடுத்துவிடுங்கள். கணக்கை மட்டும் இப்போது அழிக்காதீர்கள். அழித்தால் திரும்ப வராது, வேண்டுமா வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் முதலில் எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பிறகு கணக்கை மூடுங்கள். இந்தத் தகவல் பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனைக் கம்பெனியில் 2023-இல் திருடு போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம். சீன வம்சாவளியினரின் விவரம் தனிப் பட்டியலாகவே இணையத்தில் விற்பனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுவும் போட்டது.

பிறகு அம்மாவிடம் போங்கள். போனில் வேண்டாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டும் வேண்டாம். முதல் வாக்கியம் அம்மாச்சியைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "அன்றைக்கு உங்களிடம் வாங்கிய எச்சில் சர்க்கரைக்கு இல்லை, நான் பொய் சொன்னேன்" என்று தொடங்குங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவைக் கேட்க விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு எழுந்து வந்துவிடுங்கள். கேட்கிறேன் என்றால் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசினால், அம்மாச்சியை யார் தூக்கி வந்தார்கள், எந்தத் தோட்டம், பழைய பெயர் ஏதாவது இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தத் தோட்டத்து வயசாளிகள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேட்கவும் அம்மாவின் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரையின் முடிவு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டிருப்பாரே, என்ன சொன்னீர்கள்? "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால், 68 வயதில் அதை நம்பி மாத்திரையில், சாப்பாட்டில் கவனம் குறைந்திருக்கும். எச்சிலில் எந்தக் கிளினிக்கும் சர்க்கரை பார்ப்பதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரம் வெறும் வயிறு. காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போய் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யையும் சேர்த்துக் கேளுங்கள். முடிவுத் தாளை அம்மாவின் கையில் கொடுங்கள்.