வேளாங்கண்ணிக்கு நேர்ந்த நடையைச் சார்த்ரில் முடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் அரியாங்குப்பத்தில் பிறந்தவள், இப்போது பாரிசின் புறநகரான சார்செலில் வசிக்கிறேன். என் மகன் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தெழுந்தால் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அவன் நலமாகிவிட்டான். ஆனால் ஆகஸ்ட் 29-இல் அங்கே கொடியேறும் வேளையில் இங்கே பள்ளி திறக்கிறது. எனக்கும் விடுப்பு கிடைப்பதில்லை. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருவிழா நாள்களில் பாரிசிலிருந்து சார்த்ர் மாதா பேராலயத்துக்குப் பலர் நடந்து செல்கிறார்கள். அவர்களோடு நடந்தால் என் வேண்டுதல் நிறைவேறுமா? நேர்ந்துகொண்ட இடத்தில்தான் செலுத்த வேண்டும் என்கிறார் என் மாமியார்.

பதில்: நிறைவேறும். உங்கள் மாமியாரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை வசதிக்கேற்ப வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் அவர் சொல்ல வருகிறார். ஆயினும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒருவர் தனிப்பட்ட முறையில் செய்த பொருத்தனையை, அதாவது நேர்த்திக்கடனை, அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நற்செயலாக அவரே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது 1197-ஆம் சட்டம்; அதைவிடக் குறைந்த ஒன்றாக மாற்றுவதற்கு மட்டுமே, அதிகாரம் உள்ளவரின் இசைவு தேவை. அரியாங்குப்பத்திலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 150 கிலோமீட்டர், சார்த்ர் நடையோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்பதால் இது குறைந்ததாகிவிடுமோ என்று உங்கள் மனம் உறுத்தக்கூடும். பக்தியைக் கிலோமீட்டரில் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் உறுத்தல் இருந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள். தகுந்த காரணம் இருக்கும்போது பொருத்தனையிலிருந்து விலக்களிக்கவும் அதை மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. தம் பங்கில் வந்து தங்கியிருக்கும் பயணிகளுக்கும் அவர் அதைச் செய்யலாம் என்பதால், ஊருக்கு வரும்போது இங்குள்ள பங்குத்தந்தையிடமும் கேட்கலாம்.

ஜூலை விடுமுறையில் வந்து நடக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். திருவிழாக் காலத்தில் காவி உடுத்திச் சப்பரத்தை இழுத்துச் செல்லும் கூட்டத்தோடு நடப்பது வேறு. லாரிகள் விரையும் கடலூர்–சிதம்பரம் சாலையில் ஓரிருவராக நடப்பது வேறு. கூட்டமாகப் போகும்போது விடியலுக்கு முன்பே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஒரு கோவில் தாழ்வாரத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒதுங்கிவிடலாம். சிவப்பு விளக்கைப் பிடித்தபடி ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். வழியில் யாராவது மோர் கொடுப்பார்கள். கொப்புளம் கண்ட பாதத்துக்கு முன்பின் அறியாத ஓர் அம்மாள் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். இந்தத் துணை இல்லாமல் நடக்கும்படி ஒரு தாய்க்கு நான் சொல்ல மாட்டேன்.

சார்த்ருக்கு நடப்பவர்களுக்கும் அத்தகைய துணை உண்டு. நோயுற்ற மகனுக்காக மாதாவிடம் நேர்ந்துகொண்டு 1912-இல் பாரிசிலிருந்து சார்த்ருக்கு நடந்தவர் பிரெஞ்சுக் கவிஞர் ஷார்ல் பெகி. உங்கள் வேண்டுதலுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை அந்த நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாதா அணிந்ததாகக் காலங்காலமாக நம்பப்படும் ஆடை அந்தப் பேராலயத்தில் வைத்துப் போற்றப்படுகிறது. 1983 முதல் நடந்துவரும் பெரிய யாத்திரை, பெந்தெகொஸ்தேவுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கித் திங்களன்று முடிகிறது. இரவில் கூடாரத்தில் தங்க வேண்டும். திருப்பலி பழைய இலத்தீன் முறையில் நடைபெறும். பெயர் பதிவு சீக்கிரமே முடிந்துவிடுவதால் பல மாதங்களுக்கு முன்பே விசாரியுங்கள். இங்கே பலர் செய்வதுபோல் வெறுங்காலுடன் புறப்படாமல், பழகிய காலணியும் மழைச்சட்டையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் முடியாவிட்டால், ஸ்பெயினின் சந்தியாகோ நகரில் உள்ள சந்தியாகப்பர் (திருத்தூதர் யாக்கோபு) கல்லறைக்குச் செல்லும் யாத்திரைப் பாதையான சந்தியாகப்பர் திருவழியின் ஒரு கிளை பாரிசிலிருந்து சார்த்ர் வழியாகவே செல்கிறது. வார இறுதிகளில் பகுதி பகுதியாக நடந்து, மறுமுறை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். சார்த்ரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் பாரிஸ் திரும்பிவிடலாம். தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டு, செபமாலையைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு நடங்கள். முடிந்தால் உங்கள் மகனையும் கடைசிச் சில கிலோமீட்டராவது உடன் நடக்கவிடுங்கள்.

கேள்வி: குவைத்தில் வேலை செய்யும் என் மகன், வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்திருக்கிறான். அவனுக்குப் பதிலாக நான் நடந்துவிடலாமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: பொருத்தனை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது 1193-ஆம் சட்டம். நீங்கள் அவனுக்காக நடந்து செபிக்கலாம், அது பெரிய அன்பு. ஆனால் அதனால் அவன் கடன் தீராது. அவன் விடுப்பில் வரும்போது உங்கள் பங்குத்தந்தையிடம் அழைத்துச் சென்றால், அவன் நிலைக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்.

கேள்வி: ஸ்பெயினில் இருக்கிறேன். சந்தியாகப்பர் கல்லறைக்கு நடக்க ஆசை. ஒரு மாத விடுப்புக்கு வழியில்லை. (புதுச்சேரி வாசகர், பார்சிலோனா)

பதில்: பிரெஞ்சு எல்லையிலிருந்து செல்லும் முழுப் பாதை சுமார் 780 கிலோமீட்டர். ஆனால் யாத்திரைச் சான்றிதழ் பெறுவதற்குக் கால்நடையாகக் குறைந்தது 100 கிலோமீட்டர் வந்திருந்தால் போதும். அதனால்தான் பலர் சாரியா ஊரிலிருந்து தொடங்கி ஐந்தாறு நாள்களில் சந்தியாகோவை அடைகிறார்கள். யாத்திரிகர் அட்டையை முன்கூட்டியே வாங்கி, வழியிலுள்ள கோவில்களிலும் விடுதிகளிலும் நாளுக்கு இரண்டு முத்திரையாவது பெற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் அம்புக்குறிகள் வழிகாட்டும். அவற்றை 1980-களில் தீட்டத் தொடங்கியவர் எலியாஸ் வலிஞ்ஞா என்ற பங்குத்தந்தை. சந்தியாகப்பர் விழாவான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு அங்கே புனித ஆண்டு. 2027 அத்தகைய ஆண்டு. அப்போது செல்வதானால் கோடையைத் தவிர்த்து, தங்கும் இடத்தை முன்பதிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.