"கொதிக்க வைச்சால் சரிதானே தம்பி?": கிணற்றுத் தண்ணீர் அறிக்கையை ஊருக்கு விளக்குவது எப்படி

கேள்வி: வவுனியா வடக்கில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை வந்திருக்கிறது. சில கிணறுகளில் புளோரைட் (பாறையில் இருந்து தண்ணீரில் கரைகிற ஒரு பொருள்) அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. ஊர் ஆட்களைப் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, திரையில் படம் காட்டி, பாறை, கனியம், அளவு, பல், எலும்பு என்று எல்லாம் விளக்கினேன். முடிந்ததும் ஒரு அம்மா எழும்பி, "அப்ப கொதிக்க வைச்சுக் குடிச்சால் சரிதானே தம்பி?" என்றார். பலர் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் பக்கத்துக் கிராமத்திலும் இதையே பேச வேண்டும். எப்படிச் சொன்னால் விளங்கும்?

பதில்: அடுத்த கூட்டத்தை அந்த அம்மாவின் கேள்வியிலேயே தொடங்குங்கள். பாறையை விடுங்கள், கனியத்தை விடுங்கள், முதல் வசனமே "கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது" என்று இருக்கட்டும். நீங்கள் அரை மணித்தியாலம் பேசியும் அவர் அப்படிக் கேட்டது கவனிக்காததால் இல்லை, நன்றாகக் கவனித்ததால்தான். வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், முகாம் காலம் என்று எத்தனையோ வருசமாக "கொதித்தாறிய நீரைக் குடியுங்கள்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். தண்ணீரில் கெட்டது என்றால் அவர் மனதில் கிருமி, கிருமிக்கு மருந்து நெருப்பு. நீங்கள் சொன்ன புளோரைட்டும் நேரே போய் அந்தக் கிருமியின் கதிரையில் உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இது கூட்டம் வைக்கிற ஆட்கள் கவனிக்காத விசயம். வன்னியில் அநேக கிணறுகளில் தண்ணீர் கடினம், கேத்தலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அந்த அம்மா அதைத் தினமும் கண்ணால் பார்க்கிறார். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஏதோ ஒன்று பிரிந்து அடியில் இறங்குகிறது, மேலே தெளிந்த தண்ணீர் வருகிறது, அப்படியென்றால் கூடாதது போய்விட்டது என்பது அவருடைய கணக்கு. பாதி சரியான கணக்கும்கூட, கொதிக்கும்போது கல்சியத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே படிந்துவிடும். ஆனால் கேத்தலில் படிவது அதுதான். புளோரைட் தண்ணீருக்குள்ளேயே நிற்கும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இந்த அளவில் ருசியும் இல்லை. ஆகவே கூட்டத்துக்குப் போகும்போது படம் காட்டுகிற மெசினை விட்டுவிட்டு, ஊரில் யாரிடமாவது சுண்ணாம்பு பிடித்த பழைய கேத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே காட்டி, "இது கல்சியம். நாங்கள் கதைக்க வந்த சாமான் இதில இல்லை, நீங்கள் கோப்பையில ஊத்தின தண்ணியில இருக்கு" என்று சொல்லுங்கள். அதன்பிறகு சொல்வது எல்லாம் ஏறும்.

புளோரைட்டுக்கு என்ன நடக்கிறது என்பதற்குச் சொதி போதும். உப்புப் போட்ட சொதி அடுப்பில் நின்று வற்றினால் கரிக்கும், யாரும் உப்புக் கூடப் போடவில்லை, தண்ணீர்தான் போனது. பிறகு கரும்பலகையில் ஒரு கணக்கு. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீர் 4 லீற்றர் வைக்கிறோம், மொத்தம் 6 மில்லிகிராம். வற்றி 3 லீற்றர் ஆனாலும் அந்த 6 அப்படியே இருக்கும், இப்போது லீற்றருக்கு 2. சும்மா ஒரு கொதி வந்ததும் இறக்கினால் இவ்வளவு ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏறாது, ஆனால் இறங்கவும் இறங்காது. இந்த மாதிரி ஒரு சின்ன விசயத்தில் நேர்மையாக இருந்தால் பெரிய விசயத்திலும் நம்புவார்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, கவனம். "கொதிக்க வைத்துப் பிரயோசனமில்லை" என்று உங்கள் வாயால் ஒருதரம் வந்துவிட்டால் அடுத்த நாளே நாலு வீட்டில் கொதிக்க வைப்பதை விட்டுவிடுவார்கள், மாரி வெள்ளத்தில் கிணறு கலங்குகிற நேரம் அது வயிற்றோட்டத்தில்தான் போய் முடியும். கிருமிக்குக் கொதிக்க வைக்க வேண்டும், புளோரைட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும், இரண்டையும் எப்போதும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

வேறு வழி என்ன என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசிவரை ஒளித்து வைக்காதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில், அதாவது மெல்லிய சவ்வுக்கூடாக அழுத்தி வடித்த தண்ணீரில், புளோரைட் பெரும்பகுதி போய்விடும். மழைநீரில் இல்லையென்றே சொல்லலாம், தொட்டி உள்ள வீடுகளுக்கு அது பெரிய வாய்ப்பு. துணியில் வடிப்பது, மண் பில்ரர், குளோரின் போடுவது, எதுவும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் வேண்டும். குளிக்க, உடுப்புத் தோய்க்க, தோட்டத்துக்கு இறைக்கப் பழைய கிணறே போதும். சோறு தண்ணீரைக் குடிக்கும் என்பதால் சமையலையும் சேர்த்தேன், அதைப் பல பேர் மறந்துவிடுவார்கள்.

அளவைப் பற்றி. மில்லிகிராம் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினால் அதிலேயே நேரம் போய்விடும். "எல்லை 1. உங்கட கிணறு 2.3" என்றால் போதும், எது பெரிசு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் படித்த பிள்ளை ஒன்று போனில் தேடிப் பார்த்துவிட்டு "உலக சுகாதார நிறுவனம் 1.5 என்று சொல்லுதே" என்று கட்டாயம் கேட்கும். உண்மைதான், அவர்களுடைய வழிகாட்டல் அளவு 1.5, இலங்கைத் தரநிர்ணயம் 1.0. ஒருவர் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்பதைப் பார்த்து நாடுகள் தங்கள் எல்லையை வைக்கலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் வயலில் நிற்கிற ஆள் குடிக்கிற தண்ணீரும் குளிர் நாட்டில் ஒருவர் குடிக்கிற தண்ணீரும் ஒன்றா என்று திருப்பிக் கேளுங்கள், வயல்காரர்கள் மிச்சத்தைத் தாங்களே சொல்லுவார்கள்.

அப்புறம், எல்லோருக்கும் ஒரே பேச்சு வேண்டாம். பல்லில் வெள்ளை, மண்ணிறப் புள்ளி விழுவது பல் உருவாகிற காலத்தில், அதாவது ஏறக்குறைய 8 வயதுக்குள் குடித்த தண்ணீரால். ஆகவே கைப்பிள்ளையோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் வந்திருக்கிற தாய்மாரைப் பார்த்து முதலில் அவர்களுக்கான செய்தியைச் சொல்லுங்கள், வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு போத்தல்தான் கிடைக்கும் என்றால் அது சின்னப் பிள்ளைக்கு. வளர்ந்தவரின் பல்லில் இனிப் புதிதாகப் புள்ளி வராது. எலும்புப் பாதிப்பு என்பது அதிக அளவை நீண்ட காலம் குடித்தால் வருவது, அதைப் படம் போட்டுப் பயமுறுத்த வேண்டியதில்லை. "பற்பசையில புளோரைட் நல்லது என்று போட்டிருக்கே?" என்று யாராவது கேட்டால் சந்தோசப்படுங்கள், நல்ல கேள்வி. கொஞ்சம் பல்லுக்கு நல்லது, கூடினால் கேடு, அதோடு பற்பசையைத் துப்புகிறோம், தண்ணீரை விழுங்குகிறோம்.

கட்டாயம் வரப்போகிற இன்னொரு கேள்வி, "கிட்னி வருத்தமும் இதாலதானே?" மதவாச்சி, பதவியா என்று பக்கத்திலேயே எத்தனை பேரை அந்த வருத்தம் கொண்டுபோனது என்று வவுனியாவில் எல்லோருக்கும் தெரியும். இங்கேதான் விளக்குகிற ஆளின் நாக்கு வழுக்கும். ஆம் என்று சொன்னால் கூட்டம் சட்டென்று உங்கள் பக்கம் வந்துவிடும், ஆனால் அது சரியான பதில் இல்லை. 1990களில் இருந்து வடமத்திய மாகாணத்தில் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றை இன்னும் யாரும் நிறுவவில்லை. கடினநீரும் புளோரைட்டும் சேருவது, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடம்பு வறளுவது என்று பல சந்தேகங்கள் உண்டு. அப்படியே சொல்லுங்கள்: பல்லுக்கு நிச்சயம், கிட்னிக்குச் சந்தேகம். ஊர்ச்சனம் "தெரியாது" என்ற பதிலைத் தாங்கும், நாங்கள்தான் அதைச் சொல்லப் பயப்படுகிறோம். சொன்ன கையோடு, ஆரம்பத்தில் அந்த நோய்க்கு அறிகுறி தெரியாது, இரத்தமும் சலமும் சோதித்தால்தான் தெரியும், கிளினிக் நாளில் போய்ச் சோதியுங்கள் என்று செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மீள்குடியேறிய காலத்தில் கண்ணிவெடி விழிப்புணர்வு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெடிமருந்து எப்படி வேலை செய்கிறது என்று அங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் உள்ளே போகாதே, தெரியாத பொருளைத் தொடாதே, பெரியாட்களிடம் சொல், அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையும் திருப்பிச் சொல்லும். இங்கே எத்தனை அமைப்புகள் வந்து எத்தனை கூட்டம் வைத்தன, கையெழுத்துப் போட்டு வடையும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்த சனத்துக்கு அவற்றில் மனதில் நிற்பது இப்படி ஒன்றிரண்டுதான்.

விளங்கியதா என்று கேட்காதீர்கள். ஓம் என்றுதான் பதில் வரும், உங்களைச் சங்கடப்படுத்த யாருக்கும் மனம் வராது. அதைவிட, "அக்கா, வீட்டில அவர் கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் உங்கள் விளக்கம் பிழைத்திருக்கிறது, அந்த இடத்தை மட்டும் வேறு மாதிரித் திரும்பச் சொல்லுங்கள்.

கிணற்று இலக்கங்களைக் கூட்டத்தில் உரத்து வாசிக்க வேண்டாம். பக்கத்து வளவுக் கிணறும் ஒன்றுபோல இருக்காது, குழாய்க் கிணற்றில் பொதுவாகக் கூடுதலாக இருக்கும், "அவையின்ர கிணறு நஞ்சு" என்று கதை கிளம்பினால் பிறகு சமாளிக்க ஏலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்: எல்லை 1, உங்கள் கிணறு இவ்வளவு, குடிக்கவும் சமைக்கவும் எங்கே தண்ணீர் எடுக்கலாம். சோதிக்காத கிணற்றுக்காரர்கள் அன்றைக்கே வந்து நிற்பார்கள். அவர்களை எங்கே அனுப்புவது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நீர்வழங்கல் சபையிடமும் முதல் நாளே கதைத்து வையுங்கள்.